இரண்டாவது பத்தி

நீலாம்பாளுக்குக் கட்சி இருந்தது. கட்சிக்குத்தான் ஆட்கள் இல்லை. பட்டுக்கோட்டையில் சைக்கிள் கடை மாடியில் இருந்த அலுவலகத்தைக் காலி செய்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அங்கிருந்த இரும்புப் பீரோ சேந்தமூலையில் அவள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. மாவட்டம் முழுவதும் சேர்த்து உறுப்பினர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேருக்குக் காது கேட்காது, ஒருவர் திருப்பூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். மாவட்டச் செயலாளர் நீலாம்பாள். "போட்டியே இல்லாம செயிச்சேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சேந்தமூலை கடைமடை ஊர். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து மிச்சமிருந்தால் அங்கே வரும். அதற்குத் தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் உப்புக்காற்றும்தான். அந்த ஊரின் தெற்குத் தெருவில், பண்ணையாட்கள் வீட்டில், அறுபத்தொன்றாம் வருடம் பிறந்தவள் அவள். பத்தாவது வரை படித்தாள். இருபது வயதில் கட்சியில் சேர்ந்தாள். சோசலிசம் எப்படி வந்தது என்று கேட்டால் அவளிடம் நீண்ட பதில் கிடையாது. அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு அது தனியாக வந்து சேர வேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்தது போர் எதிர்ப்புதான்.

அவள் அண்ணன் மருதையன் பட்டாளத்தில் இருந்தார். எண்பத்தேழில் இலங்கைக்குப் போன படையில் அவரும் போனார். உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தார். ஊரில் எல்லோரும் கதை கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. ஒருநாள் நீலாம்பாளோடு வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே சொன்னார்:

"அங்கயும் நம்மூரு மாரிதான் தங்கச்சி. நெல்லு பால் புடிச்சிருந்துச்சு. வண்டிய அதுலதான் எறக்குனோம். பக்கத்துல வழி இருந்துச்சு. இருந்தும் பயிருல எறக்கித்தான் ஓட்டுனோம்."

செத்த மனிதர்களைப் பற்றி அவர் கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நீலாம்பாளுக்கு இது போதுமாக இருந்தது. பால் பிடித்த பயிரில் மாடு இறங்கினாலே பஞ்சாயத்துக் கூட்டுகிற ஊர் அது. ஒரு கொள்கைக்கு இது போதுமான அடித்தளமா என்று கேட்கலாம். பெரும்பாலான கொள்கைகளுக்கு இவ்வளவுகூட இருப்பதில்லை.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டையின்போது மதுக்கூர் பேருந்து நிலையத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். யாரோ ஒருவர் டீயை அவள் மேல் ஊற்றிவிட்டுப் போனார். இரண்டாயிரத்து ஆறில் ஊராட்சித் தலைவராக ஜெயித்தாள். கட்சிக்காக யாரும் ஓட்டுப் போடவில்லை, வாய்க்கால் வெட்ட முன்னால் நிற்பவள் என்பதற்காகப் போட்டார்கள். இரண்டாயிரத்து ஒன்பதில் கடலுக்கு அந்தப் பக்கம் போர் முற்றியபோது இந்த வட்டாரமே கொதித்துக் கிடந்தது. அப்போது போய், "ரெண்டு பக்கமும் துப்பாக்கியக் கீழ போடுங்க" என்று கூட்டத்தில் பேசினாள். மறுநாள் காலையில் அவள் வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். ஊற்றியவர்கள் வெளித்தெரு ஆட்கள் இல்லை. அடுத்த தேர்தலில் அவளுக்கு விழுந்தது நாற்பத்து மூன்று ஓட்டு.

அவளைத் தியாகி என்று சொல்வதற்கில்லை. பிடிவாதக்காரி. கலியாண வீட்டுப் பந்தியிலும் போரைப் பற்றிப் பேசி, சாப்பிடுகிறவர்களுக்கு இலையை எப்போது மடக்கலாம் என்று ஆக்கிவிடுவாள். அவள் நின்றதனால் உலகத்தில் எந்தப் போரும் ஒரு மணி நேரம்கூடத் தாமதமானதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆகவே ஆசையைச் சுருக்கிச் சுருக்கி ஒன்றே ஒன்றாக வைத்திருந்தாள். ஒரு ஊராவது முறைப்படி கூடி உட்கார்ந்து, போர் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய ஆசை இல்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

அவள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி மேகலா இருக்கிறாள். புருஷன் இல்லை. நூறு நாள் வேலையும் நடவும் களையும் செய்து மகன் செந்தில்குமாரை டிப்ளமோ படிக்க வைத்தாள். அவன் பிப்ரவரியில், ஏஜெண்டு ஒருவன் மூலமாக, வருடத்தில் பாதி நாள் பனி கிடக்கிற ஒரு நாட்டுக்கு ஹோட்டல் சமையல்கட்டு வேலை என்று போனான். மூன்றாவது வாரம் அவனிடம் அந்த ஊர் மொழியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, பச்சை உடுப்பைப் போட்டு, சண்டை நடக்கிற எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். மே மாதம் யாருடைய போனிலிருந்தோ பதினொரு விநாடிக்கு அவன் குரல் வந்தது. "அம்மா, என்னைய முன்னாடி அனுப்புறாங்கம்மா. நீலாம்பா அத்தைட்ட சொல்லு." அவ்வளவுதான். அதன்பிறகு ஒன்றும் இல்லை.

அவனோடு போன கூத்தாநல்லூர் அஸார் மட்டும் காலில் குண்டுச் சில்லோடு ஜூலையில் திரும்பி வந்தான். நீலாம்பாளும் மேகலாவும் பஸ் பிடித்துப் போய் அவனைப் பார்த்தார்கள்.

"ஜூன் கடைசியில பாத்தேன்மா. நல்லாத்தான் இருந்தான். எனக்குக் கட்டுப் போடுற எடத்துக்கு அவன்தான் தூக்கிட்டு வந்தான்" என்றான் அஸார். "இப்ப எங்கன்னு தெரியல. எழுதிப் போடுங்க. எங்க ஜமாத்துல ஊர்ப்பேருல எழுதிப் போட்டாங்க. அப்பறம்தான் திருப்பி அனுப்புற லிஸ்ட்டுல என் பேரு வந்துச்சு."

ஊர்ப்பேரில் என்ற சொல்லை நீலாம்பாள் பிடித்துக்கொண்டாள். தனியாள் மனுவைக் கட்டோடு கட்டாகக் கட்டி மூலையில் போட்டுவிடுவார்கள். கிராம சபைத் தீர்மானத்தை அப்படிச் செய்ய முடியாது. ஆகஸ்ட் பதினைந்து வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து தீர்மானத்தை எழுதினாள். முதல் பத்தி, செந்தில்குமாரை உயிரோடு மீட்டுத் தர அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இரண்டாவது பத்தியில், இந்த ஊரிலிருந்து எந்த மனிதரும், எந்த நாட்டுக்காகவும், நம் நாட்டுக்காகவும்கூட, எந்தப் போருக்கும் அனுப்பப்படக் கூடாது என்று இக்கிராம சபை அறிவிக்கிறது என்று எழுதினாள். எழுதி முடித்து அதை நாலு தரம் வாசித்தாள். முதல் பத்தியை ஒரு தரம்தான் வாசித்தாள்.

ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் வராமல், ஒன்றியத்து அதிகாரிதான் அப்போது பொறுப்பில் இருந்தார். நடைமுறையில் எல்லாம் ஊராட்சிச் செயலர் ராஜராஜன்தான். பதினான்காம் தேதி சாயங்காலம் தாளை அவனிடம் கொடுத்தாள்.

"ரெண்டும் சேந்து ஒரே தீர்மானம் தம்பி. ஒண்ண வெட்டுறதா இருந்தா இன்னொண்ணையும் வெட்டிடு. அரையுங்கொறையுமா எனக்கு வேணாம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் கூட்டத்துக்கு நூற்றுப் பதினேழு பேர் வந்தார்கள். வந்தவுடன் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவது அந்த ஊர் வழக்கம். கூட்டம் முடிந்தபிறகு, நிதானமாக, தீர்மானங்களை ராஜராஜன் எழுதிக்கொள்வான். இந்த வழக்கத்தை ஆரம்பித்துவைத்ததே நீலாம்பாள்தான். அவள் தலைவராக இருந்தபோது நடவுப் பெண்கள் மதியம்வரை உட்கார முடியாமல் தவிப்பார்கள். "கையெழுத்தப் போட்டுட்டுப் போங்கடி, நான் எழுதிக்கிறேன்" என்று அனுப்பிவிடுவாள். அவள் பேசியதை அப்படியேதான் எழுதினாள். ஆனால் வழக்கம் என்பது ஆரம்பித்தவருடைய நேர்மையைச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை.

அன்றைக்கு நீலாம்பாள் எழுந்து இரண்டு பத்தியையும் உரக்க வாசித்தாள். மேகலா அழுதாள். எல்லோரும் கை தூக்கினார்கள். வீடு திரும்பும்போது நீலாம்பாளுக்கு, அறுபத்து நாலு வயதில் முதல் தடவையாக, ஜெயித்துவிட்டதாகத் தோன்றியது.

மேகலா தீர்மான நகலை வாங்கி மனுவோடு வைத்துத் தைத்து, தஞ்சாவூரில் திங்கட்கிழமை மனு நாளில் கொண்டுபோய்க் கொடுத்தாள். நகலை இருவருமே வாசிக்கவில்லை. தாங்களே நிறைவேற்றிய தீர்மானத்தில் வாசிக்க என்ன இருக்கிறது? அக்டோபர் நடுவில் சென்னையிலிருந்து பதில் வந்தது. தங்கள் கிராம சபைத் தீர்மானம் ஒன்பதில் மேற்படி நபரின் மறைவுக்கு இரங்கல் தெரிவிக்கப்பட்டிருப்பதால், அவரை உயிருடன் மீட்கக் கோரும் மனு மீது மேல்நடவடிக்கைக்கு இடமில்லை. உடலைக் கொண்டுவருவதற்குத் தனியே விண்ணப்பிக்கலாம்.

நீலாம்பாள் செருப்பைக்கூடப் போடாமல் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

"நான் எழுதிக் குடுத்த தாளு எங்கப்பா?"

"ஃபைல்லதான் இருக்குக்கா."

"அதுல இரங்கல்னு எங்க இருக்கு?"

ராஜராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டுக்கடன், எந்த நேரமும் மாற்றிவிடக்கூடிய வேலை.

"மொதப் பாராவுல ஒண்ணுமில்லக்கா. ரெண்டாவது பாராவப் பாத்தீங்களா? நம்ம நாட்டுக்காகவும் போகக் கூடாதுன்னு இருக்கு. அத நான் கவர்மெண்டு புத்தகத்துல எழுதி சீல் வச்சா, அடுத்த வாரம் நான் இந்தச் சேர்ல இருக்க மாட்டேன்."

"மொதப் பாராவ மட்டும் எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீங்கதானே சொன்னீங்க, ஒண்ண வெட்டுனா இன்னொண்ணையும் வெட்டுன்னு."

நீலாம்பாள் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமே எழுதாம விட்டா நீங்க சண்டைக்கு வருவீங்க. பழைய புத்தகத்தப் பொரட்டுனேன். போருன்னு நம்ம ஊரு புத்தகத்துல ஒரே ஒரு தீர்மானம்தான் இருக்கு. வடக்குத் தெரு பட்டாளத்துக்காரரு எறந்தப்ப எழுதுனது. மரியாதையா இருந்துச்சு. பேர மாத்தி எழுதிட்டேன்."

"உசிரோட இருக்கிற புள்ளைக்கா?"

"ஊருக்குள்ள எல்லாம் அப்படித்தானேக்கா பேசிக்கிறாங்க. நாலு மாசமா ஒரு சத்தமும் இல்ல" என்றான் அவன். அவன் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

மேகலாவிடம் நீலாம்பாள், "எழுத்துல தப்பு வந்துடுச்சு. அடுத்த கூட்டத்துல சரி பண்ணிடலாம்" என்று மட்டும் சொன்னாள். தப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. முப்பது வருடமாக ஊரிடம் கசப்பான உண்மைகளைச் சொல்லி வந்தவளுக்கு இந்த ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. பதில் கடிதச் செய்தி பரவி, மேகலாவின் தம்பி பேராவூரணியிலிருந்து வந்து கருமாதிக்கு நாள் பார்க்கலாமா என்று கேட்டான். மேகலா சோற்றுப் பானையை இறக்கிவிட்டு, "போயிட்டு வா" என்றாள். சாப்பிடச் சொல்லவில்லை.

நவம்பர் ஒன்றாம் தேதி மறுபடியும் கிராம சபை கூடியது. விடியற்காலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் தொண்ணூறு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற ராஜராஜனை நீலாம்பாள் மறித்தாள்.

"இன்னைக்கு யாரும் மொதல்ல கையெழுத்துப் போட வேணாம். இங்கயே எழுதணும், எழுதுனத வாசிக்கணும், அப்பறம்தான் கையெழுத்து."

"நடவுக்கு நிக்கிறவங்கக்கா, வேலைக்குப் போவ வேணாமா?" என்றது ஒரு குரல்.

"ஒரு நாளு போவாட்டி ஒண்ணும் ஆவாது."

"இத நீங்க தலைவரா இருந்தப்ப சொல்லலையே!" என்று டீக்கடை அண்ணாதுரை பின்னாலிருந்து போட்டான். சிரிப்பு எழுந்து அடங்கியது.

ராஜராஜன் சரி என்றான். ஒன்பதாம் தீர்மானத்தை ரத்து செய்து, செந்தில்குமார் உயிரோடு இருப்பதாகவே இந்த ஊர் நம்புகிறது என்று புதிதாக எழுத வேண்டும் என்பது நீலாம்பாளின் கோரிக்கை. அவன் அதை வாசித்துவிட்டு, எழுந்து நின்று, நிதானமாகப் பேசினான்.

"எழுதுறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா ரத்துன்னு எழுதுனா, ஏன் ரத்துன்னு மேல கேப்பாங்க. கூட்டத்துல பேசுனது ஒண்ணு, புத்தகத்துல எழுதுனது ஒண்ணுன்னு நான் சொல்லணும். அப்ப அன்னைக்குப் போட்ட மத்த தீர்மானத்தையும் தோண்டுவாங்க. பதினோராவது தீர்மானம் கவர்மெண்டு கட்டிக் குடுக்குற வீட்டுப் பட்டியலு. முப்பத்தெட்டு வீடு. அதுவும் கையெழுத்துக்கு அப்பறம் எழுதுனதுதான்."

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. முப்பத்தெட்டு வீட்டுக்கும் அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. பாதிப்பேர் பழைய குடிசையைப் பிரித்துவிட்டு, தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளைகளோடு கிடந்தார்கள். அந்தப் பட்டியலுக்காக இரண்டு வருடம் ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்தவள் நீலாம்பாள்தான்.

துரைராசு எழுந்தார். கட்சி உறுப்பினர்கள் ஏழு பேரில் அவரும் ஒருவர். மதுக்கூரில் அவள் அட்டையோடு நின்ற நாளில் தூரத்தில் டீக்கடையில் உட்கார்ந்து காவல் பார்த்தவர்.

"நீலாம்பா, நான் ஒன்ன எதுத்துப் பேசல. எம் மருமவ மாசமா இருக்கா. தார்ப்பாய்ல ஒழுவுது. பட்டியல மட்டும் தொடாம வேற எப்படியாச்சும் எழுத முடியுமான்னு பாரு."

"முடியாதுன்னுதானே தம்பி சொல்றான்."

"அப்பன்னா என்ன பண்றது?" என்றார் அவர். கேள்வியாகத்தான் கேட்டார்.

"முப்பது வருசமா சண்டைய நிறுத்து சண்டைய நிறுத்துங்கிறீங்க" என்றான் அண்ணாதுரை. "எந்தச் சண்ட நின்னுச்சு? சாராயக்கட வாசல் சண்டையவாவது ஒரு நாளு நிறுத்திருக்கீங்களா? இந்த எழவு எதுனால வந்துச்சுன்னு ராஜராஜன் அண்ணனையே சொல்லச் சொல்லுங்க. அந்த ரெண்டாவது பாரா இல்லாட்டி செந்தில் பேரு ஒழுங்காப் போயிருக்கும்ல?"

மேகலா திரும்பி நீலாம்பாளைப் பார்த்தாள். பிறகு ராஜராஜனைப் பார்த்தாள்.

"நெசமாண்ணே?"

"மொதப் பாரா மட்டும்னா அப்படியே எழுதியிருப்பேம்மா" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்று சொன்னபோது மேகலாவின் கை எழுந்தது. நீலாம்பாளின் கை எழுந்தது. வேறு கை இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதில் எல்லோரும் கவனமாக இருந்தார்கள். தொண்ணூறு பேரில் ஒருவர்கூட அந்தப் பிள்ளை சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. தலைக்கு மேல் கூரை வேண்டும் என்று நினைத்தார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று நீலாம்பாளுக்குத் தெரியவில்லை. அவள் தலைவராக இருந்து, அவள் வீட்டுக்கும் அஸ்திவாரம் தோண்டிக் கிடந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்றும் யோசித்துப் பார்த்தாள். கை தூக்கியிருப்பேன் என்று சட்டென்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ராஜராஜன் அங்கேயே உட்கார்ந்து எழுதினான். எழுதியதை வாசித்தான்: "இருவர் ஆதரவு தெரிவித்தனர். தீர்மானம் ஏற்கப்படவில்லை." பத்தொன்பது வருடத்தில் அந்த ஊரில் உள்ளது உள்ளபடி எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, அதன்பிறகு கையெழுத்து வாங்கிய முதல் தீர்மானம் அது. முறைப்படி எல்லாம் சரியாக இருந்தது. நீலாம்பாளும் கையெழுத்துப் போட்டாள்.

இருவரும் நடந்து வந்தார்கள். குடையில் இருவருக்கும் இடம் இருந்தும் மேகலா நனைந்துகொண்டே ஓர் அடி தள்ளி வந்தாள். வாய்க்கால் மதகு தாண்டியதும் கேட்டாள்.

"அந்த ரெண்டாவது பாராவ எதுக்குக்கா எழுதுனீங்க?"

இனி ஒரு பிள்ளையும் இப்படிப் போகக் கூடாது என்பதற்காக என்று சொல்லியிருக்கலாம். அது பொய் இல்லை. எத்தனையோ மேடையில் சொன்னதுதான்.

"எனக்காக எழுதுனேன்" என்றாள் நீலாம்பாள். "செந்தில் பேரச் சொன்னா எல்லாரும் கை தூக்குவாங்கன்னு தெரிஞ்சு, அதோட சேத்து எழுதுனேன்."

மேகலா நடையை எட்டிப் போட்டாள். திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது நீலாம்பாளுக்கு. வீடு நெருங்கியதும் மேகலா நின்றாள்.

"திங்கக்கெழம தஞ்சாவூருக்கு நான் மட்டும் போயிக்கிறேன். மனு ஒண்ணு எழுதிக் குடுங்க. எம்மவன் உசிரோட இருக்கான், கொண்டாந்து குடுங்கன்னு மட்டும் எழுதுங்க."

அரசாங்கப் புத்தகத்தில் ஒன்றுக்கு இரண்டாக அவன் செத்துவிட்டான். இனிமேல் ஒரு தாயின் மனு எங்கே போய்ச் சேரும் என்பது நீலாம்பாளுக்குத் தெரியும். மேகலாவுக்கும் தெரிந்திருக்கும் என்றே தோன்றியது. உள்ளே போய், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைத் தாளை எடுத்து வைத்து எழுதினாள். ஒன்பது வரி வந்தது. மனுதாரர் என்ற இடத்துக்கு மேலே அரைத் தாளுக்கு இடம் மீதியிருந்தது. கோடு போட்டு அடைத்தாள்.

"வேற ஒண்ணும் எழுதலையே?" என்றாள் மேகலா வாசலிலிருந்தே.

"இல்ல."

மேகலா தாளை வாங்கிக்கொண்டாள். உடனே போய்விடவில்லை. எட்டாவதோடு நின்ற படிப்பு. நிலைப்படியில் சாய்ந்து, வெளிச்சத்துக்குத் தாளைத் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

நீலாம்பாள் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.